அந்த சி டிரைவ் யாருடையது? சாஸ் ஈஜியிலிருந்து நம் லேப்டாப் ஸ்கிரிப்டை ஓட்டுவது

மாதக் கடைசி, இரவு ஒன்பதரை மணி. தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கிப் படியேறிக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது. டீமில் புதிதாகச் சேர்ந்த பையன்.

"அக்கா, பேட்ச் ஃபைல் என் லேப்டாப்பிலதான் இருக்கு. டபுள் கிளிக் பண்ணா ஓடுது. ஈஜியில இருந்து கூப்பிட்டா மட்டும் அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது."

"எங்க வச்சிருக்க?"

"சி டிரைவ்ல, ரிப்போர்ட்ஸ் ஃபோல்டர்ல."

"யாரோட சி டிரைவ், தம்பி?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "என்னோடதுதானே அக்கா?" என்றான், லேசான சந்தேகத்தோடு. அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் க்ளெய்ம் தரவுகளில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் உலகம் சாஸ் என்ற தரவு ஆய்வு மென்பொருள், அதற்கு முகமாக எண்டர்பிரைஸ் கைட், சுருக்கமாக ஈஜி. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதே பாடத்தைப் போனில் எடுத்து எடுத்து அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கட்டளைகளையும் போனில் சொல்கிற மாதிரி ஒலிப்பாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டலில் உட்கார்ந்து 'சர்வர்' என்று கூப்பிட்டு ஒரு ரோஸ்ட் சொல்கிறோம். மேசை நம் முன்னால் இருக்கிறது, தட்டும் நம் முன்னால் வருகிறது. தோசைக்கல் மட்டும் உள்ளே, மாஸ்டர் பக்கத்தில். 'எங்க வீட்டு மிளகாய்ப்பொடியைத் தூவி வார்க்கச் சொல்லு' என்றால் அவர் என்ன செய்வார்? பொடி இருப்பது நம் வீட்டு அலமாரியில். ஈஜியும் இப்படித்தான். அது உங்கள் விண்டோஸில் ஓடுகிற ஒரு மேசை, அவ்வளவே. நீங்கள் அடித்த நிரல் அப்படியே வொர்க்ஸ்பேஸ் சர்வர் என்ற வேறொரு கணினிக்குப் போகிறது, அங்கே ஓடுகிறது, லாகும் (ஓடும்போது என்ன நடந்தது என்ற குறிப்பு) ரிசல்ட்டும் மட்டும் திரும்பி வருகின்றன. நிரலுக்குள் எழுதும் எந்தப் பாதையையும் படிப்பது சர்வர்தான். 'எக்ஸ்' ஸ்டேட்மென்ட் போட்டு ஒரு கட்டளையைக் கூப்பிட்டால், ஓடுவது சர்வரின் ஷெல்லில், அதாவது அந்தக் கணினியின் கட்டளைத் திரையில்.

எனவே எதையும் தொடுவதற்கு முன் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். புதிய புரோகிராம் ஒன்று திறந்து, பர்சென்ட் புட் போட்டு இரண்டு மேக்ரோ மாறிகளை லாகில் எழுதச் சொல்லுங்கள். ஒன்று ஆம்பர்சண்ட் சிஸ்எஸ்சிபி: 'வின்' என்று வந்தால் விண்டோஸ், 'லின்' என்று ஆரம்பித்தால் லினக்ஸ். அடுத்தது ஆம்பர்சண்ட் சிஸ்டிசிபிஐபிஹோஸ்ட்நேம்: நிரல் ஓடுகிற இயந்திரத்தின் பெயர். அது உங்கள் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் பெயர் இல்லையென்றால், என்னுடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவதாக ப்ராக் ஆப்ஷன்ஸ், ஆப்ஷன் ஈக்வல் எக்ஸ்சிஎம்டி, ரன். எக்ஸ்சிஎம்டி என்பது சாஸிலிருந்து ஷெல்லைக் கூப்பிடும் அனுமதி. லாகில் எக்ஸ்சிஎம்டி என்று வருகிறதா, முன்னால் ஒரு 'நோ' சேர்ந்து நோஎக்ஸ்சிஎம்டி என்று வருகிறதா என்று பாருங்கள். அதை வைத்துத்தான் மேலே போகும் வழி.

தம்பியின் சர்வர் லினக்ஸ். லினக்ஸில் சி டிரைவ் என்ற பேச்சே கிடையாது, ஆகவே உடனே பிழை வந்தது. அவனுக்கு நல்ல நேரம். எனக்கு வாய்த்த முதல் சர்வர் விண்டோஸ். அதற்கும் ஒரு சி டிரைவ் உண்டு, அதிலும் டெம்ப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், என் லேப்டாப் டெம்ப்பைச் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு, நிரலின் முதல் வரியிலேயே எக்ஸ் போட்டு, டெல், சி டிரைவ் டெம்ப், நட்சத்திரம் டாட் சிஎஸ்வி என்று எழுதினேன். பிழையே வரவில்லை. லாக் சுத்தமாக இருந்தது. மறுநாள் காலை பக்கத்து டீமில் ஒருவர், சர்வரில் வைத்திருந்த தன் ஃபைல்களைத் தேடிக்கொண்டிருந்தார். பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். பிழை வருவதைவிட, வராமல் வேறொரு இடத்தில் வெற்றிகரமாக ஓடிவிடுவதுதான் பயங்கரம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அழிக்கும் கட்டளையை எக்ஸ் ஸ்டேட்மென்ட்டில் இன்று வரைக்கும் நான் திரும்ப எழுதவில்லை.

இப்போது நோஎக்ஸ்சிஎம்டி. பெரும்பாலான அலுவலகங்களில் இதுதான் வரும், ஏனென்றால் வொர்க்ஸ்பேஸ் சர்வரை நிறுவும்போதே இயல்பு நிலை அதுதான். அந்த நிலையில் எக்ஸ் போட்டால் 'ஷெல் எஸ்கேப் ஈஸ் நாட் வேலிட் இன் திஸ் சாஸ் செஷன்' என்று வரும். ஒரு கட்டளை சொல்வதை ஃபைல் மாதிரிப் படிக்கும் ஃபைல்நேம் பைப் போட்டால் 'இன்சஃபிஷியன்ட் ஆத்தரைசேஷன் டு ஆக்சஸ் பைப்'. கால் சிஸ்டம், சிஸ்டாஸ்க், பர்சென்ட் சிஸ்எக்ஸெக் எல்லாவற்றுக்கும் இதே கதவு, இதே பூட்டு. ஒன்றை விட்டு ஒன்றாக முயற்சி செய்து பொழுதைக் கழிக்காதீர்கள். நான் ஒரு மத்தியானம் முழுக்கக் கழித்திருக்கிறேன்.

பூட்டைத் திறப்பவர் அட்மின். சாஸ் மேனேஜ்மென்ட் கன்சோலில் சர்வர் மேனேஜர், சாஸ்ஆப், லாஜிக்கல் வொர்க்ஸ்பேஸ் சர்வர், அதற்குள் வொர்க்ஸ்பேஸ் சர்வரின் ப்ராப்பர்ட்டீஸ். ஆப்ஷன்ஸ் தாவலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், லாஞ்ச் ப்ராப்பர்ட்டீஸ், 'அலவ் எக்ஸ்சிஎம்டி' என்ற பெட்டியில் ஒரு டிக். பிறகு வொர்க்ஸ்பேஸ் சர்வரைக் கிளப்பிவிடும் ஆப்ஜெக்ட் ஸ்பானரை மறுபடி துவக்க வேண்டும். பாதை எல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனால் எங்கள் அட்மினிடம் ஆமாம் வாங்குவது லேசில் நடக்காது. அவர் பக்கமும் நியாயம் உண்டு. அந்த டிக்கைப் போட்டால், ஈஜி வைத்திருக்கும் எல்லோர் கையிலும் சர்வரின் ஷெல் போய்விடும். அதிலும் பூல்டு சர்வர் மாதிரிப் பலரின் நிரல் ஒரே பொதுக் கணக்கில் ஓடும் இடத்தில், யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம். கேட்பதாக இருந்தால் 'எக்ஸ்சிஎம்டி வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்த ஸ்கிரிப்ட், எதைப் படிக்கும், எதை எழுதும் என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, அதற்கென்று தனியாக ஒரு சர்வர் கான்டெக்ஸ்ட் கேளுங்கள். கிடைக்க அதில்தான் வாய்ப்பு அதிகம்.

அனுமதி கிடைத்துவிட்டது, உங்கள் ஸ்கிரிப்ட்டும் லேப்டாப்பை நம்பி இல்லை என்றால் (வெறும் பைத்தான் கணக்கு, ஃபைல் பெயர் மாற்றம், ஜிப் இப்படி) அதை சர்வருக்கே அனுப்பிவிடுங்கள். ஈஜி 7.13 முதல் டாஸ்க்ஸ் மெனுவில் டேட்டாவுக்குக் கீழே காப்பி ஃபைல்ஸ் என்று ஒன்று இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து சர்வருக்கும், சர்வரிலிருந்து லேப்டாப்புக்கும் இரண்டு பக்கமும் ஃபைலைக் கொண்டுபோகும். பாதையில் மேக்ரோ மாறியும் வைக்கலாம், நட்சத்திரமும் வைக்கலாம். இதற்கு எக்ஸ்சிஎம்டி தேவையே இல்லை. ஈஜி தனக்கும் சர்வருக்கும் இடையில் ஏற்கெனவே இருக்கும் இணைப்பிலேயே அனுப்புகிறது. ஈஜியில் யாரும் சீந்தாமல் கிடக்கும் அருமையான சாமான் இது.

அங்கே போனதும் இரண்டு இடத்தில் தட்டும். விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கும். லினக்ஸ் அதை இன்டர்ப்ரெட்டர் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்று முறைக்கும். ஸ்கிரிப்ட்டை நூறு தரம் படித்தாலும் தப்பு தெரியாது. அந்த எழுத்தை நீக்கும் டாஸ்2யுனிக்ஸ் கட்டளையை ஒரு தரம் ஓட்டினால் போதும். நோட்பேட்++ வைத்திருந்தால் எடிட் மெனுவில் வரி முடிவை யுனிக்ஸ் வகைக்கு மாற்றிச் சேமித்துவிட்டு அனுப்புங்கள். அடுத்தது பாத், அதாவது கட்டளையை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல். புட்டி என்ற டெர்மினல் மென்பொருள் வழியாக சர்வருக்குள் நீங்கள் கையால் நுழையும்போது இருக்கும் சூழல், வொர்க்ஸ்பேஸ் சர்வர் கிளப்பும் ஷெல்லில் இருக்காது. 'பைத்தான்3' என்று மட்டும் எழுதினால் காணோம் என்று சொல்லலாம், அல்லது வேறு ஒரு பழைய பைத்தானை எடுத்துக்கொள்ளலாம். முழுப் பாதையையும் எழுதுங்கள். ஃபைலுக்கு ஓடும் அனுமதி கொடுக்கவும் மறக்காதீர்கள்.

கூப்பிடும்போது எக்ஸ் வேண்டாம், ஃபைல்நேம் பைப்பையே பயன்படுத்துங்கள். எக்ஸ் போட்டால் ஸ்கிரிப்ட் என்ன புலம்பியது என்று தெரியாமலே போய்விடும். பைப்பில் கட்டளையின் முழுப் பாதையை எழுதி, கடைசியில் ஒரு இடம் விட்டு 2>&1 சேர்த்துவிட்டு, டேட்டா அண்டர்ஸ்கோர் நல் அண்டர்ஸ்கோர் படியில் இன்ஃபைல், இன்புட், புட் அண்டர்ஸ்கோர் இன்ஃபைல் அண்டர்ஸ்கோர் என்று மூன்று வரி. ஸ்கிரிப்ட் சொன்னது, அழுதது எல்லாம் சாஸ் லாகிலேயே வந்து உட்காரும்.

இதுவரைக்கும் சொன்னது சுலபமான பாதி. தம்பியின் ஸ்கிரிப்ட் சர்வருக்குப் போக முடியாத ரகம். அது எக்செல் மேக்ரோ ஒன்றை ஓட்டும், பிறகு அவுட்லுக்கில் பதினோரு பேருக்கு மெயில் அனுப்பும். லினக்ஸ் சர்வரில் எக்செலுக்கும் அவுட்லுக்குக்கும் எங்கே போவது? அவன் கேட்டது, 'சர்வர்ல இருந்து என் லேப்டாப்பைக் கூப்பிட வழி இருக்கா அக்கா?' என்றுதான். தேடினால் வழி இருக்கும். லேப்டாப்பில் எதையாவது காது கொடுத்துக் கேட்க வைத்து, ஃபயர்வாலில் ஓட்டை போட்டு... செக்யூரிட்டி டீம் உங்களைத் தேடி வரும். அதற்குப் பதிலாக, கூப்பிடும் திசையைத் திருப்பிவிடுங்கள். ஈஜி உங்கள் ஸ்கிரிப்ட்டைக் கூப்பிட வேண்டாம், உங்கள் ஸ்கிரிப்ட் ஈஜியைக் கூப்பிடட்டும். ஸ்கிரிப்ட் லேப்டாப்பிலேயே இருக்கும். சர்வரில் ஓட வேண்டியது சர்வரில் ஓடும். எக்ஸ்சிஎம்டியும் வேண்டாம், அட்மினும் வேண்டாம்.

ஈஜியை வெளியிலிருந்து ஓட்டுவதற்கென்றே அதனுள் ஒரு ஆப்ஜெக்ட் மாடல் இருக்கிறது. ஈஜியின் ஃபைல் மெனுவில் ஷெட்யூல் ப்ராஜெக்ட் கொடுத்தால் அதுவே ஒரு விபிஸ்கிரிப்ட் எழுதிக் கையில் கொடுக்கும். எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு அது நல்லது. ஆனால் 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விபிஸ்கிரிப்ட்டைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டதால், புதிதாக எழுதுபவர்கள் விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் எழுதுங்கள். நியூ-ஆப்ஜெக்ட் ஹைஃபன் காம்ஆப்ஜெக்ட் என்று போட்டு, சாஸ்ஈஜிஆப்ஜெக்ட்மாடல் புள்ளி அப்ளிகேஷன் புள்ளி 8.1. நீங்கள் இன்னும் ஈஜி 7ல் இருந்தால் 7.1. கிடைத்த ஆப்ஜெக்ட்டுக்கு செட்ஆக்டிவ்ப்ரொஃபைல் என்று சொல்லி, ஈஜி கனெக்‌ஷன் பெட்டியில் தெரியும் ப்ரொஃபைல் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பிறகு ஓப்பன், ப்ராஜெக்ட்டின் பாதை. பிறகு ரன். முடிந்ததும் சேவ், க்ளோஸ், குவிட். குவிட்டை மறந்தால் கண்ணுக்குத் தெரியாத ஈஜிக்கள் டாஸ்க் மேனேஜரில் வரிசை கட்டி நிற்கும்.

முதல் ஓட்டத்திலேயே பலருக்கு ஆப்ஜெக்ட்டை உருவாக்க முடியவில்லை என்று வரும். ஈஜி 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் ஈஜியை 32 பிட் பவர்ஷெல்தான் எழுப்பும். அது எங்கே இருக்கிறது தெரியுமா? விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்வாவ்64 என்ற இடத்தில். சிஸ்டம்32 என்ற பெயரில் இருப்பது 64 பிட். பெயர் வைத்தவர்களைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அடுத்தது, எல்லோரும் விடும் இடம். சாஸ் நிரலுக்குள் பிழை வந்தாலும் ரன் என்ற அழைப்பு சாதுவாக முடிந்து, அடுத்த வரிக்குப் போய்விடும். ஸ்கிரிப்ட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி போன மாத ஃபைலை எடுத்துப் பதினோரு பேருக்கு மெயில் அனுப்பும். அதனால் ப்ராஜெக்ட்டின் கோட்கலெக்‌ஷனில் இருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் லாக் புள்ளி சேவ்ஆஸ் கொடுத்து, லாகை லேப்டாப்பில் ஒரு ஃபைலாக எழுதி, அதைத் தேடிப் பாருங்கள். 'எரர்' என்ற சொல்லைச் சும்மா தேடினால் நீங்களே எழுதிய அண்டர்ஸ்கோர் எரர் அண்டர்ஸ்கோர் மாறி எல்லாம் மாட்டும். 'எரர்:' என்று கோலனோடு தேடினால், 'எரர் 180-322:' மாதிரி நடுவில் எண் வருபவை தப்பிவிடும். வரியின் தொடக்கத்தில் பெரிய எழுத்தில் எரர், அதற்கு அடுத்து ஒரு இடைவெளியோ கோலனோ: இந்த வடிவத்தைத் தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும்; மெயில் எனக்கு மட்டும் வர வேண்டும். கூடவே வெளியே வந்த ஃபைலின் தேதி இன்றையதா என்றும் ஒரு பார்வை. இரண்டு சோதனையும் சேர்த்துப் பத்து வரிகூட வராது.

பிழை இல்லையென்றால் அதே நிரலின் அவுட்புட்டேட்டாசெட்ஸில் வேண்டியதை எடுத்து சேவ்ஆஸ் கொடுங்கள். பாதை இப்போது உங்கள் லேப்டாப்பின் பாதை, ஏனென்றால் பேசுவது ஈஜி, சர்வர் இல்லை. இங்கேதான் தம்பிக்குப் பல்ப் எரிந்தது: "ஓ, இப்ப சி டிரைவ்னா என்னோட சி டிரைவ்!" அதன் பிறகு எக்செல் மேக்ரோவையோ பைத்தானையோ வழக்கம்போலக் கூப்பிடலாம். பைத்தான் முடிந்ததும் டாலர் லாஸ்ட்எக்ஸிட்கோட் சுழியமா என்று பார்த்துவிட்டு மெயிலுக்குப் போங்கள்.

தமிழ்ப் பெயர்கள் இருக்கும் தரவு என்றால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். தமிழ்ச்செல்வி என்ற பெயரில் புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறிகள், மொத்தம் 13. ஆக 39 பைட். சாஸ் எழுத்து மாறியின் நீளத்தைப் பைட்டில் எண்ணுகிறது. 30 என்று நீளம் வைத்திருந்தால் மெயிலில் போவது 'தமிழ்ச்செல'. சர்வர் செஷனே தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 குறியாக்கத்தில் இருந்தால் அதுவும் கிடையாது, குப்பையும் கேள்விக்குறியும்தான். ப்ராக் ஆப்ஷன்ஸில் என்கோடிங் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பைத்தானிலிருந்து சிஎஸ்வி எழுதினால் என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். அந்த 'சிக்' இல்லையென்றால் டபுள் கிளிக் பண்ணும் மேனேஜரின் எக்செலில் தமிழ் சிதறிப்போய் நிற்கும்.

இனி இதை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட வேண்டியதுதான். 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32வில் நின்றுகொண்டு உங்கள் ஃபைல்களைத் தேடும். அங்கே உங்கள் ஃபோல்டரை எழுதுங்கள், அல்லது ஸ்கிரிப்ட்டுக்குள் எல்லாமே முழுப் பாதையாக இருக்கட்டும். பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஓட மறுத்தால் எக்ஸிகியூஷன் பாலிசியைப் பாருங்கள். சாதாரண விண்டோஸில் இயல்பாகவே அது தடை போட்டுத்தான் வரும். கம்பெனி பாலிசி அதைப் பூட்டியிருந்தால் ஐடியிடம் பேசுங்கள், சுற்றிப் போகாதீர்கள். அடுத்தது, 'லாகின் செய்திருந்தால் மட்டும் ஓட்டு' என்ற தேர்வு; அதையே வையுங்கள். ஆள் இல்லாத செஷனில் எக்செல், அவுட்லுக்கை ஓட்டுவதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. ஏதாவது ஒரு பெட்டி கண்ணுக்குத் தெரியாத திரையில் 'ஓகே' கேட்டுக்கொண்டு விடியும் வரை நிற்கும். திரையைப் பூட்டிவிட்டுப் போகலாம், லாக் ஆஃப் மட்டும் செய்யாதீர்கள். பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்டில் எழுதாதீர்கள் என்று நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நம்புகிறேன். எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

ஈஜியையே திறக்காமல், சர்வரில் தானாக ஓடும் வேலை முடிந்ததும் லேப்டாப்பில் ஏதாவது நடக்க வேண்டுமா? பொதுவான ஷேர் ஃபோல்டர் ஒன்றில் சாஸ் நிரல் கடைசி வரியாக ஒரு காலி ஃபைலை எழுதட்டும். லேப்டாப் ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும், கண்டால் வேலையைத் தொடங்கட்டும். தரவு ஃபைலையே அடையாளமாக வைக்காதீர்கள். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடும்.

பைத்தானையும் ஆர் மொழியையும் பிரவுசர் வழியாக ஓட்டும் ஜூபிட்டர்ஹப், ஆர்ஸ்டுடியோ சர்வர் வைத்திருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அங்கே மேசை உங்கள் பிரவுசர், அதற்குள் தெரியும் டெர்மினல்கூட சர்வருடையதுதான். ஸ்கிரிப்ட்டை அப்லோட் செய்து பர்சென்ட் ரன் அல்லது சோர்ஸ் கொடுத்துவிடுங்கள். கூகுள் கோலாபில் மட்டும் ஒரு வசதி: லோக்கல் ரன்டைம் என்று, உங்கள் கணினியில் ஓடும் ஜூபிட்டரோடு இணைத்துக்கொள்ளலாம். அப்போது பாதைகள் உங்களுடையவை. யாரோ அனுப்பிய நோட்புக்கை அந்த இணைப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால், அது அழிப்பதும் உங்களுடையதுதான்.

தம்பியின் ஸ்கிரிப்ட்டை மறுநாள் உட்கார்ந்து எழுதினோம், எழுபது வரி. மூன்றாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு ஓட வேண்டியது ஓடவில்லை. போன் செய்தான். லாக் இல்லை, பிழை இல்லை, எதுவுமே இல்லை.

"ராத்திரி லேப்டாப்பை எப்படி வச்சிட்டுப் படுத்த?"

"மூடி வச்சிட்டேன் அக்கா."

தூங்கும் இயந்திரத்தை எழுப்ப டாஸ்க்கின் கண்டிஷன்ஸ் தாவலில் 'வேக்' என்று ஒரு டிக் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 'ஏசி பவரில் இருந்தால் மட்டும்' என்று இன்னொரு டிக் இயல்பாகவே விழுந்திருக்கும். முதலாவதைப் போடச் சொன்னேன், இரண்டாவதை எடுக்கச் சொன்னேன். சார்ஜரையும் சொருகிவிட்டே படு என்றேன்.

"மூடி, அக்கா?"

"திறந்தே இருக்கட்டும்டா."